தேரைக் கொடுத்தவர்

2024 மே 19. புனேயின் கல்யாணி நகரில், பொழுது விடிவதற்கு முன், ஒரு போர்ஷே டைகான் கார் மோதி, பைக்கில் வந்த இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியதாகப் பிடிபட்டவனுக்கு வயது 17. ஒரு நாள்கூட முடிவதற்குள் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. சிறார் நீதி வாரியம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. நாடு கொதித்தது. சில நாட்களில் அந்த உத்தரவு மாற்றப்பட்டது. ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில் மருத்துவர்களும் சிறுவனின் பெற்றோரும் கைதானார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பேச்செல்லாம் தண்டனையைச் சுற்றியே நின்றுவிட்டது. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவனுக்கு 18 வயது முடிந்திருந்து, சட்டைப்பையில் லைசென்ஸும் இருந்து, ஒரு சொட்டு மதுவும் குடிக்காதவனாக இருந்திருந்தால், அப்படிப்பட்ட காரை அவன் கையில் கொடுத்தது சரியாகிவிடுமா? சட்டத்தைக் கேட்டால் தடையில்லை என்கிறது. அறத்தைக் கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்கலாம். 18 வயது முடிந்தவர் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் வாங்கி, 30 நாள் கழித்து லைசென்ஸுக்குப் போகலாம். ‘இலகுரக மோட்டார் வாகனம்’ என்ற ஒரே வகைக்குள் 7,500 கிலோ வரையிலான வண்டிகள் எல்லாம் அடங்கும். எடைக்கு வரம்பு வைத்த சட்டம், எஞ்சினின் சக்திக்கு வைக்கவில்லை. நாற்பது குதிரைத்திறனை ஒட்டி ஓடிய பழைய மாருதி 800-க்கும், நின்ற இடத்திலிருந்து மூன்று நொடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் டைகானின் உச்ச ரகத்துக்கும் ஒரே லைசென்ஸ்தான். அதே சட்டம் வாடகை வண்டி ஓட்ட 20 வயது ஆக வேண்டும் என்கிறது. அதாவது, பிழைப்புக்காக டாக்சி ஓட்டுகிறவனுக்கு 18 வயது போதாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அப்பா வாங்கிக்கொடுத்த பந்தயக் காருக்கு மட்டும் போதும்.

இது கோடீஸ்வர வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2024 நவம்பரில் மகிந்திரா அறிமுகப்படுத்திய பி.இ.6 மின்காரின் ஆரம்ப விலை அப்போது 18.9 லட்சம் ரூபாய். அதன் உயர் ரகத்தின் சக்தி 210 கிலோவாட், ஏறத்தாழ 280 குதிரைத்திறன். சில ஆண்டுகளுக்கு முன்புவரை வெளிநாட்டு விளையாட்டுக் கார்களில் மட்டும் இருந்த பாய்ச்சல், இன்று மாதத் தவணையில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. மின்காரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய கார்களில் வேகம் ஏறுவதை எஞ்சினின் அலறலும் கியர் மாறும் உதறலும் காதுக்கும் கைக்கும் சொல்லிக்கொண்டே வரும். மின்காரில் காலை அழுத்திய கணத்தில் முழு இழுவையும் சத்தமில்லாமல் வந்து சேரும். ஓட்டுபவர் பயப்பட ஆரம்பிப்பதற்குள் வண்டி வேகமெடுத்து முடித்திருக்கும்.

இதை எதிர்கொள்ள இளைஞர்கள் பெறும் பயிற்சி என்ன? காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு டிரைவிங் ஸ்கூல் காரைக் கவனித்தால் தெரியும். பின்கண்ணாடியில் சிவப்பு எல், சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். பழகுகிறவர் ஆளில்லாத சாலையில் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலுமாக ஊர்கிறார். “கிளட்சை மெதுவா விடுங்க, கண்ணாடியைப் பாருங்க” என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் இப்படிப் போகும். பிறகு ஆர்.டி.ஓ. முன்னால் சிறிது தூரம் ஓட்டி, ரிவர்ஸ் எடுத்துக் காட்டினால் லைசென்ஸ் வந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் ஒருமுறைகூட அவர் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்திருக்க மாட்டார். 2019 ஏப்ரல் முதல் கார்களில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அது வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். அந்த அதிர்வை வாழ்க்கையில் முதல்முறையாக, எதிரே ஆள் நிற்கும்போது உணர்கிறவர், என்னவோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடக்கூடும். ஒரு காலி மைதானமும் பத்து நிமிடமும் இருந்தால் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு அது சொல்லித்தரப்படுவதில்லை.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதிகள் இலகுரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பாடத்திட்டம் வகுத்திருக்கின்றன: 8 மணி வகுப்பு, 21 மணி ஓட்டம். நல்ல தொடக்கம்தான். ஆனால் சொந்தக் கார் ஓட்டப்போகிறவர் அந்த மையத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 25 வயதுக்கு உட்பட்டவர் லைசென்ஸ் கேட்பதற்கு முன் 120 மணி நேரம் ஒருவரின் கண்காணிப்பில் ஓட்டிக் கணக்குக் காட்டவேண்டும். அதற்குப் பிறகும், தற்காலிக லைசென்ஸ் காலத்தில், ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள காரைத் தொடக்கூடாது.

அப்படியானால் பயிற்சியைக் கூட்டினால் தீர்ந்தது என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் நிதானம் தேவை. நார்வேயில் 1979-இல் புது ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சி கட்டாயமானது. சறுக்கும் வண்டியை மீட்கக் கற்றவர்களிடம் சறுக்கல் விபத்து குறையும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1988-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது வேறு: இளம் ஆண்களிடையே அத்தகைய விபத்துகள் கூடியிருந்தன. 1996-இல் ஸ்வீடன் ஆய்வாளர் கிரெகெர்சன் இளம் ஓட்டுநர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வழுக்குத் தரையில் வண்டியைச் சமாளிக்கும் வித்தை கற்பிக்கப்பட்டது. மற்றதற்கு, தங்கள் வித்தை எவ்வளவு சீக்கிரம் கைவிடும் என்பது காட்டப்பட்டது. சோதித்தபோது இரு குழுவின் திறமையிலும் வித்தியாசமில்லை. வித்தை கற்ற குழு மட்டும் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1974-இல், கார் பந்தய லைசென்ஸ் வைத்திருந்தவர்களின் பொதுச்சாலை நடத்தையைச் சாதாரண ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். விபத்திலும் அபராதத்திலும் பந்தயக்காரர்களின் கணக்கே அதிகமாக இருந்தது.

கை தேறத் தேற மிதப்பும் ஏறுகிறது. தேறிய கையை நம்பி வேகத்தைக் கூட்டும்போது, பயிற்சி கொடுத்த பாதுகாப்பு கரைந்துபோகிறது. உலகில் ஏறக்குறைய எல்லா ஓட்டுநருக்கும் தான் சராசரியைவிட மேல் என்ற எண்ணம் இருக்கிறது. ஸ்வென்சன் 1981-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினர் தங்கள் திறமையைப் பாதிக்கு மேலான இடத்தில் வைத்தார்கள். பதின்ம வயதில் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் துணிச்சல் இன்னும் ஏறும் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பின்சீட்டில் மூன்று பேர், கையில் படமெடுக்கும் போன் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே எந்தப் பயிற்சி என்பதே கேள்வி. சறுக்கவிட்டு மீட்கும் சாகசம் கற்பிக்கும் பயிற்சி ஒன்று. தன் எல்லையைத் தனக்கே காட்டும் பயிற்சி இன்னொன்று. இரண்டாவதற்குப் பெரிய ஓடுதளம்கூட வேண்டாம். காலி மைதானத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பைக் கொடுத்து, “இந்த வேகத்தில் வந்தால் எங்கே நிற்பாய்? அங்கே வை” என்று சொன்னால் போதும். பெரும்பாலும் கூம்பு நசுங்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறவர் ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வண்டி சுமார் 42 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். இவற்றைப் புத்தகத்தில் படித்தவர் மறந்துவிடலாம். நசுங்கிய கூம்பைத் தன் கையால் எடுத்தவர் அவ்வளவு சுலபமாக மறக்கமாட்டார்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு, 18 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், தன் காசில் வாங்கிய காரை ஓட்டக்கூடாதா என்று ஒரு வாதம் உண்டு. அது எளிதில் தள்ளக்கூடியதல்ல. தன் உயிரைப் பணயம் வைக்க வளர்ந்தவருக்கு உரிமை உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பொதுச்சாலையில் பணயம் வைக்கப்படுவது அவர் உயிர் மட்டுமா? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். 2019-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு லம்போர்கினி நடைபாதையில் ஏறியதில் 15 வயதுச் சிறுமி இறந்தாள். 2023-இல் ரோம் நகரத்தில் யூடியூப் சவாலுக்காக வாடகைக்கு எடுத்த லம்போர்கினியை 20 வயது இளைஞர் ஓட்டிவந்து மோதியதில், எதிரே சின்னக் காரில் இருந்த ஐந்து வயதுக் குழந்தை இறந்தது. அவர்கள் யாரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. ஒருவரின் சுகத்துக்கான ஆபத்தை, அந்தச் சுகத்தில் பங்கே இல்லாத இன்னொருவர் தலையில் ஏற்றுவது என்று வந்துவிட்டால், உரிமைப் பேச்சு அங்கே முடிந்து கடமைப் பேச்சு தொடங்கிவிடுகிறது.

தெற்கு ஆஸ்திரேலியா அதை உணர்ந்து, 2024 டிசம்பர் முதல் டன்னுக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேல் சக்தியுள்ள கார்களுக்கு, வயது பாராமல், தனி வகை லைசென்ஸும் தனிப் பாடமும் கட்டாயமாக்கியது. வண்டியின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை அணைத்துவிட்டு ஓட்டுவதும் அங்கே குற்றம். இத்தாலி, லைசென்ஸ் வாங்கிய முதல் மூன்று ஆண்டுகளுக்கு 105 கிலோவாட் என்று வரம்பு வைத்திருக்கிறது. முன்பு ஓராண்டாக இருந்த காலத்தை நீட்டிய அதே திருத்தம், சக்தியின் வரம்பைத் தளர்த்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. சாலையில் சாகும் இளைஞர்களில் பெரும்பாலோர் போர்ஷேயில் சாவதில்லை. 2022-இல் இறந்தவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். பணக்காரப் பிள்ளைகளின் காரைப் பார்த்துப் பொங்குவது வர்க்கக் கோபமே தவிர அறம் ஆகுமா? இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் வரம்பு வண்டியின் விலைக்கு இருக்கக்கூடாது, எடைக்கு எத்தனை சக்தி என்பதற்கு இருக்கவேண்டும். இங்கே 100 சி.சி. பைக்குக்கும் 1000 சி.சி. பைக்குக்கும் ஒரே லைசென்ஸ். ஐரோப்பாவில் இளைஞர் சின்ன பைக்கில் தொடங்கி, 35 கிலோவாட் வரையிலான நடுப்படியைக் கடந்த பிறகே பெரிய பைக்குக்குப் போகிறார். இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீலிங் செய்கிறவனுக்கும் காரில் சீறுகிறவனுக்கும் அளவுகோல் ஒன்றாக இருந்தால், அதில் வர்க்கத்துக்கு இடமில்லை.

வேகத்தில் இன்பம் இருக்கிறது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. அதற்கு இடமும் இருக்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. கோவை மண்ணிலிருந்துதான் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். தடத்தில் வரும் எல்லோரும் ஆபத்தை அறிந்து, ஒப்புக்கொண்டு வருகிறார்கள். பள்ளி விட்டு வருகிற குழந்தை அங்கே குறுக்கே ஓடாது.

குறுக்கே ஓடிய ஒரு கன்றின் கதை தமிழருக்குப் புதிதல்ல. பெரியபுராணம் சொல்லும் திருவாரூர் இளவரசனின் தேர்க்காலில் கன்று தானாக வந்து விழுந்தது. பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். மனுநீதிச் சோழன் கேட்கவில்லை. மகன் மீது தேரை ஏற்றினான். காலங்காலமாக இதை நடுநிலைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். நெருங்கிப் பார்த்தால் அரசன் தனக்கும் தண்டனை கொடுத்துக்கொண்டான் என்பது தெரியும். நெரிசலான தெருவில் மகன் தேர் ஓட்டும்படி வளர்த்தவன் அவன்தான். தேரைக் கொடுத்தவரின் பங்கையும் சேர்த்தே அந்தக் கதை கணக்குத் தீர்க்கிறது.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 199ஏ பிரிவும் அதைத்தான் சொல்ல முயல்கிறது. சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆனால் அந்தப் பொறுப்பு பிள்ளையின் பதினெட்டாம் பிறந்தநாளோடு முடிந்துவிடுகிறது. பிறந்தநாளுக்கு முதல் நாள் இல்லாத நிதானம் மறுநாள் காலை வந்துவிடுவதில்லை. காரை விற்பவருக்கும் இதில் பங்கு உண்டு. எத்தனை நொடியில் 100-ஐத் தொடும் என்பதையே விளம்பரமாக்குபவருக்கும் உண்டு. உச்ச வேகத்தைப் பெற்றோர் முன்கூட்டியே கட்டிப்போடும் சாவியை ஃபோர்டு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்றது. தொழில்நுட்பம் தயார், கேட்கிறவர்கள்தான் குறைவு.

படிப்படியான லைசென்ஸை நியூசிலாந்து 1987-இலேயே கொண்டுவந்துவிட்டது. இந்தியாவில் அது எப்போது வருமோ, அதுவரை குடும்பங்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குச் சின்னக் கார், இரவில் நண்பர் கூட்டத்தோடு ஓட்டுவதில்லை, மைதானத்தில் பிரேக் பழகாமல் நெடுஞ்சாலை இல்லை என்று ஒரு வீடு தனக்குத்தானே விதி வைத்துக்கொள்ளலாம். கேட்ட காரை வாங்கித் தரமாட்டேன் என்றால் பிள்ளையின் முகம் சில மாதம் வாடும். தெருவில் போகும் முகம் தெரியாத ஒருவரின் உயிரோடு வைத்துப் பார்த்தால், பெற்றவர்கள் தாங்கிக்கொள்ளக்கூடிய வருத்தம்தான் அது.