காயின் பதில் சொல்லாத கேள்வி



காயின் தன் தம்பி ஆபேலைக் கொன்ற வரலாறு நம் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். கொலைக்குப் பின் ஆண்டவர் அவனிடம், அவனுடைய சகோதரன் எங்கே என்று கேட்டதும், தான் என்ன அவனுக்குக் காவற்காரனா என்று அவன் எதிர்த்துக் கேட்டதும் நாம் அடிக்கடி கேட்டவை. ஆனால் கொலை நடப்பதற்கு முன்னரே ஆண்டவர் அவனிடம் வேறொரு கேள்வியைக் கேட்டிருந்தார். ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தை இன்றிரவு ஒருமுறை திறந்து பாருங்கள். காணிக்கை ஏற்கப்படாததால் காயின் சினங்கொண்டு முகம் வாடி நிற்கிறான். நீ ஏன் கோபமாயிருக்கிறாய், உன் முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது என்று ஆண்டவர் விசாரிக்கிறார். பாவம் வாசலருகே பதுங்கியிருக்கிறது, அதை நீதான் அடக்கவேண்டும் என்று எச்சரிக்கவும் செய்கிறார்.

காயின் என்ன பதில் சொன்னான்? வேதாகமத்தில் அவன் ஆண்டவருக்குக் கொடுத்த பதில் எதுவும் இல்லை. அடுத்ததாக நாம் காண்பது, தம்பியுடன் அவன் வயலில் நிற்பதைத்தான்.

'ஆண்டவரே, எனக்குத் தம்பிமேல் பொறாமையாயிருக்கிறது. நீர் என்னைத் தள்ளிவிட்டீர் என்று மனம் நோகிறது' என்று அவன் அன்றே வாய்திறந்து சொல்லியிருந்தால், ஒருவேளை அந்த இரண்டாவது கேள்விக்கே இடம் வந்திராது.

இதே முதற் கேள்வியை ஆண்டவர் நாள்தோறும் நம்மிடமும் கேட்கிறார். நாமும் பதில் சொல்லாமல் வயலுக்குப் போய்விடுகிறோம். ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். காலையில் வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் பேசுகிறார். தம் புது வீட்டைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் சந்தோஷமாகச் சொல்கிறார். இங்கே தகப்பனார் 'நல்லது, நல்லது' என்று சொல்லிவிட்டுத் தொழிலுக்குப் போகிறார். மாலையில் மகன் தேத்தண்ணீரைத் தட்டிக் கொட்டிவிடுகிறான். பலத்த அடி விழுகிறது. தாய் நடுவே வருகிறாள், அவளுக்கும் ஏச்சு. அந்த அடி தேத்தண்ணீருக்கு விழுந்த அடியா? காலையிலே மனத்தில் தைத்த முள் ஒன்று, நாள் முழுவதும் யாரும் பாராமல் கிடந்து, மாலையில் குழந்தையின் முதுகில் வந்து குத்தியது. அந்தத் தகப்பன் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து, 'கோபப்பட்டேன், பிள்ளையை அடித்தேன்' என்று உண்மையாகவே சொல்லுவார். ஆனால் முள் இருக்கும் இடம் அவருக்கே தெரியாது. ஆகவே அடுத்த மாதமும் அதே பாவத்தைத்தான் சொல்லுவார்.

ஆத்தும சோதனை என்றால் பத்துக் கட்டளைகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு, என்ன செய்தேன், எத்தனை முறை செய்தேன் என்று எண்ணிப் பார்ப்பது என்றே நம்மில் பலர் ஞானோபதேச வகுப்பில் படித்தோம். அது நல்ல பழக்கம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் கிளைகளை எண்ணுகிறவன் வேரையும் பார்க்கவேண்டும் அல்லவா? என்ன செய்தேன் என்பதோடு, இன்று என் உள்ளத்தில் என்ன நடந்தது என்றும் கேட்கவேண்டும்.

கோபம், பயம், பொறாமை, துக்கம் இவை மனத்தில் எழுவதே பாவம் என்று எண்ணி, அவற்றை ஆண்டவரிடமிருந்தும் ஒளிப்பவர்கள் உண்டு. திருச்சபையின் போதனை அப்படியல்ல. உணர்ச்சிகள் தம்மளவில் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. நம் அறிவும் விருப்பமும் அவற்றை எந்த வழியில் கொண்டுபோகின்றன என்பதிலேயே நன்மை தீமை இருக்கிறது என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் தெளிவாகக் கற்பிக்கிறது. நம் ஆண்டவரைப் பாருங்கள். கல்நெஞ்சரைக் கண்டு சினந்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஜெத்சமனித் தோட்டத்தில், தம் ஆத்துமம் மிகுந்த துயரத்தில் இருக்கிறதென்று சீடர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். லாசரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் அவனுடைய கல்லறைக்கு அருகே கண்ணீர் விட்டார். தேவ சுதனே மறைக்காததை நாம் ஏன் மறைக்கவேண்டும்?

உள்ளத்தின் அசைவுகளைக் கவனிக்கும் இந்த வழியை நமக்கு ஒழுங்காகக் கற்றுத் தந்தவர் புனித இஞ்ஞாசியார். அவர் அதைப் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, நோய்ப் படுக்கையில். 1521 மே 20ஆம் நாள் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. லொயோலாவில் தம் வீட்டில் மாதக்கணக்காகப் படுத்திருந்த அந்தப் போர்வீரர், பொழுதுபோக்க வீரர்களின் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அகப்பட்டவை கிறிஸ்துநாதரின் சரித்திரமும் புனிதர்களின் சரித்திரமும் மட்டுமே. வேறு வழியின்றி வாசித்தார். ஒரு நேரம் உலகப் புகழையும், உயர்குலப் பெண்மணி ஒருத்திக்கு ஊழியம் செய்வதையும் கற்பனை செய்வார். மறு நேரம் புனித சாமிநாதரையும் புனித பிரான்சிஸையும் போல வாழ்வதை எண்ணிப் பார்ப்பார். இரண்டு எண்ணங்களும் எண்ணும்போது இனித்தன. ஆனால் முதலாவது எண்ணம் போனபின் மனம் வறண்டு கிடந்தது; இரண்டாவது போனபின்னும் மகிழ்ச்சி தங்கி நின்றது. இந்த வித்தியாசத்தை ஒருநாள் அவர் கவனித்தார். அந்தச் சிறு கவனத்திலிருந்தே ஒரு புனிதர் பிறந்தார். 1548இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்த அவருடைய ஞானப்பயிற்சி நூலின் விதையும் அதுவே.

அந்த நூலிலே அவர் ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகளை வகுத்திருக்கிறார். முதலாவது, பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுதல். இரண்டாவது, உண்மையைக் காணும் அருளைக் கேட்டல். மூன்றாவது, எழுந்த நேரம் முதல் அந்த வேளைவரை நாளைப் பார்த்து வருதல். நான்காவது, மன்னிப்புக் கேட்டல். ஐந்தாவது, இறைவனின் அருளோடு திருந்துவதாக உறுதி கொள்ளுதல். முதற்படி பாவம் அல்ல, நன்றி என்பதைக் கவனியுங்கள். குற்றவாளிக் கூண்டில் ஏறுவதுபோல் அல்ல, தகப்பன் முன் பிள்ளை வந்து நிற்பதுபோலவே இதைத் தொடங்குகிறோம்.

மூன்றாம் படியிலே நம் கேள்விக்கு இடமுண்டு. இன்று எந்த வேளையில் என் மனம் இலேசாயிற்று? எப்போது பாரமாயிற்று? யாருடைய சொல் சுட்டது? அந்தச் சூட்டை யார்மேல் இறக்கினேன்? அமெரிக்க யேசுசபைக் குருவான ஜோர்ஜ் அஷன்பிரனர் 1972இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆத்தும சோதனை என்பது வெறும் குற்றக்கணக்கு அல்ல, உள்ளத்தில் இறைவன் நம்மை எப்படி நடத்துகிறார் என்பதை உணர்வது என்று விளக்கினார். யேசுசபையைச் சேர்ந்த பாப்பரசர் பிரான்சிசும் 2022இல் தம் புதன்கிழமை மறையுரைகளில் இதே பொருளைத் தொடர்ந்து போதித்து, இஞ்ஞாசியாரின் படுக்கை அனுபவத்தையே உதாரணமாக எடுத்துக்காட்டினார்.

இதற்கு நேரம் எங்கே என்பீர்கள். கரையோரக் குடும்பங்கள் அறிந்த காரியம் ஒன்றைச் சொல்லுகிறேன். வள்ளம் கரைக்கு வந்ததும், உடம்பு எவ்வளவு அலுத்திருந்தாலும், வலையை விரித்துக் கிழிசல் பார்க்காமல் விடுவார்களா? இன்றைய சிறு ஓட்டையை விட்டால் நாளை மீனெல்லாம் அதன் வழியே போய்விடும். மாதத்தில் ஒருநாள் பார்த்துக்கொள்வோம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்வதில்லை. இரவுச் செபமாலை முடிந்தபின் பத்து நிமிடம் போதும். விளக்கருகே எல்லாரும் அமைதியாயிருங்கள். பின்பு விரும்பியவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். 'இன்று பள்ளிக்கூடத்தில் பயந்தேன்' என்று பிள்ளை சொன்னால், உடனே புத்திமதி சொல்லாதீர்கள், கேளுங்கள். தகப்பன், 'இன்று எனக்கு மனம் சரியில்லை, அதனால் உன்னை ஏசிவிட்டேன்' என்று சொல்லட்டும். அதனால் தகப்பனுடைய மரியாதை குறையாது. அந்தப் பிள்ளை தன் ஆயுள் முழுவதும் அதை மறக்காது.

நம் மக்களிடையே இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு தேவையும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் கொண்டுபோனவர்களுக்காகவும், 2009இல் முடிந்த யுத்தத்தில் இறந்தவர்களுக்காகவும், என்ன ஆனார்கள் என்றே தெரியாதவர்களுக்காகவும் இன்றும் உள்ளே அழுகின்ற வீடுகள் எத்தனை! 'எல்லாம் ஆண்டவர் சித்தம், அழாதே' என்று சொல்லி அவர்களுடைய வாயை மூடிவிடுகிறோம். மூடிய துக்கம் செத்துப்போவதில்லை. சில வீடுகளில் அது சாராயப் போத்தலாக வருகிறது. சில வீடுகளில் தீராத நோவாக வருகிறது. சில வீடுகளில் அண்ணன் தம்பி முகம் பாராத பகையாக வருகிறது. எம்மாவுஸ் வழியில் அந்த இருவரும் முகவாட்டத்தோடு நடந்தபோது, உயிர்த்த ஆண்டவர் உடனே பிரசங்கம் செய்யவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று முதலில் கேட்டார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை முழுவதும் சொல்லிமுடிக்கும் வரை கேட்டுக்கொண்டே நடந்தார். அதன் பிறகே வேதத்தை விளக்கினார்.

இரண்டு எச்சரிக்கைகள். இது உங்களுடைய உள்ளத்தைப் பார்க்கும் சோதனை. மனைவியின் உள்ளத்தையோ மருமகளின் உள்ளத்தையோ அல்ல. மேலும், காயத்தைத் திரும்பத் திரும்பக் கிண்டுவது ஆத்தும சோதனை ஆகாது. கண்டதை ஆண்டவரிடம் கொடுத்துவிட்டு உறங்கப் போகவேண்டும். கொடுத்தும் பாரம் இறங்காமல், உறக்கமும் உணவும் அற்று, வாழவே வெறுப்பாயிருக்கிறது என்று உணர்கிறவர்கள் தாமதியாமல் குருவானவரிடமும் வைத்தியரிடமும் சொல்லவேண்டும். காலுடைந்தவன் வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாதபோது, மனமுடைந்தவன் போவது மட்டும் எப்படிக் குறைவாகும்?

அன்பர்களே, ஆண்டவர் காயினிடம் கேட்டது அவனைக் குற்றஞ்சாட்ட அல்ல, காப்பாற்றவே. இன்றிரவும் அதே கேள்வியோடு அவர் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். 'மகனே, மகளே, ஏன் உன் முகம் வாடியிருக்கிறது?' உறங்கப் போகுமுன் அவருக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.