முதலில் கூலியைக் கேட்பது பேராசையா?

திருச்சி பாலக்கரையில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பம் உண்டு. அந்த வீட்டுப் பெண் நர்சிங் படித்து முடித்து, கவுன்சிலில் பெயரையும் பதிவு செய்துகொண்டு, நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போனார். இரவு டியூட்டி பார்ப்பாயா, கல்யாணம் எப்போது என்றெல்லாம் விசாரித்தார்கள். அசல் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்துவிடு என்றார்கள். "சம்பளம் எவ்வளவுங்க சார்?" என்று இவர் கேட்டதும் எதிரே இருந்தவரின் முகம் மாறிவிட்டதாம். "இது சேவைத் தொழில்மா. வந்ததும் வராததுமா காசைப் பத்திக் கேக்குறியே!"

வீட்டில் அத்தாவும் ஏறக்குறைய அதையே சொன்னார். "நீ ஏம்மா கேட்டே? ரிஸ்க்கைக் கொடுக்கிறவன் அல்லாஹ். முதல்ல சேர்ந்துடு, அவங்களாப் பாத்துக் கொடுப்பாங்க." அந்தப் பெண் நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நான் கேட்டது தப்பா?"

தப்பில்லை என்று ஒரு சொல்லில் பதில் கூறிவிடலாம். ஆனால் அந்த அத்தா நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி. அவரைப் போல் எண்ணுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பதால் விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் ஒன்று புகாரி ஷரீஃபில் இருக்கிறது. பயணம் சென்ற ஸஹாபாக்கள் சிலர் ஒரு கூட்டத்தாரிடம் விருந்து கேட்டார்கள், அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிறகு அக்கூட்டத்தின் தலைவரை விஷ ஜந்து தீண்டிவிட்டது. மருந்து தேடி இவர்களிடமே ஓடி வந்தார்கள். ஸஹாபாக்கள் என்ன சொன்னார்கள்? கூலியை முதலில் பேசுங்கள் என்றார்கள். ஒரு மந்தை ஆடு என்று முடிவான பிறகே ஃபாத்திஹா சூராவை ஓதிப் பார்த்தார்கள். நோயாளி துடித்துக்கொண்டிருக்கும்போது பேசப்பட்ட கூலி அது! நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை; சரி என்று ஏற்று, அந்த ஆடுகளில் தமக்கும் ஒரு பங்கு வைக்கச் சொன்னார்கள்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்ததும் எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து என்று தவணை பேசிய பிறகே. தலாக் சூராவையும் பாருங்கள். விவாகரத்தான தாய், தான் பெற்ற குழந்தைக்கே பாலூட்டினாலும் அதற்குரிய கூலியைக் கொடுத்துவிடும்படி தகப்பனுக்குக் கட்டளை வருகிறது. தாயின் பரிவைவிடப் பெரிய சேவை மனப்பான்மை எந்த மருத்துவமனையில் இருக்கிறது? அந்தப் பரிவுக்கே கூலி பேசச் சொல்கிறது மார்க்கம்.

ஃபிக்ஹு கிதாபுகளில் இஜாரா பாடத்தைப் புரட்டினால், வேலை இன்னது, கூலி இவ்வளவு என்று இரு தரப்பாருக்கும் தெரிந்திருப்பது ஒப்பந்தத்தின் ஷர்த்து. ஆகவே பாலக்கரைப் பெண் கேட்டது சலுகையல்ல. ஒப்பந்தம் செல்லுபடியாவதற்கு வேண்டிய ஒன்று. அதைச் சொல்லாமல் மறைத்தவர்தாம் வெட்கப்படவேண்டும்.

சேவை என்ற சொல்லுக்கு வருவோம். ருஃபைதா (ரலி) அவர்கள் மஸ்ஜிதுன் நபவியில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அது அவர்கள் தாமாகக் கொடுத்தது. இங்கே நடப்பது வேறு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் பில்லை எடுத்துப் பாருங்கள்: அறை வாடகைக்குக் கீழே 'நர்சிங் சார்ஜ்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். நோயாளியிடம் விலையாக வாங்கிக்கொள்வதை, நர்ஸிடம் மட்டும் சேவை என்று சொல்வது எந்த நியாயம்? "அவங்களாப் பாத்துக் கொடுப்பாங்க" என்ற அத்தாவின் வார்த்தையும் அப்படித்தான். அது அல்லாஹ்வின் மீது வைத்த தவக்குல் அல்ல. மேனேஜர் மீது வைத்த தவக்குல்!

இனி கடினமான பகுதி. கூலி தெரிந்துவிட்டால் மட்டும் நீதி கிடைத்துவிடுமா? தமிழக அரசு 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் ஆயிரக்கணக்கான நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. தொகை தெரிந்தேதான் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையும் இருந்தது. அது நிறைவேறாமல், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. வீட்டில் அடுப்பெரியவேண்டும் என்பதற்காகப் போட்ட கையெழுத்தை முழுச் சம்மதம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

கூலி பேசாமல் வேலை நடந்துவிட்டால் அவ்வூர் வழக்கப்படியான கூலியைக் கொடுக்கவேண்டும் என்பார்கள் ஃபுகஹாக்கள். ஊர் வழக்கமே அநியாயமாக இருந்தால்? இந்தக் கேள்விதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016ல் நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. இருநூறுக்கு மேற்பட்ட படுக்கை உள்ள இடங்களில் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்கவேண்டும் என்றது. கேரளம் 2018ல் அந்த 20,000த்தைக் குறைந்தபட்சக் கூலியாகவே அறிவித்துவிட்டது. வேலை கேட்டுப் போகும் நம் பெண்கள் இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு போவது நல்லது. மருத்துவமனை நடத்தும் நம் செல்வந்தர்களும் ஜகாத் கணக்குப் பார்க்கும் மாதத்தில் இந்தக் கணக்கையும் ஒரு தடவை பார்க்கலாம்.

அந்தப் பெண் திங்கட்கிழமை அங்கே போகவில்லை. சில நாள் கழித்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே படுக்கையில் கிடக்கும் ஒரு மூதாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலை. இவர் வாய் திறக்குமுன் அந்த அம்மாளே கேட்டாராம்: "உனக்கு என்ன வேணும்னு முதல்லயே சொல்லிடும்மா. பின்னாடி மனஸ்தாபம் கூடாது." நேரம், தொகை, விடுமுறை, சம்பளத் தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

தாளை வாங்கி அத்தா இரண்டு தடவை படித்தார். பிறகு, "நோன்பு மாசத்துல எத்தனை மணிக்கு விடுவாங்கன்னு கேட்டியாம்மா?" என்றார்.