ஈகை எங்கே நிறைவெய்துகிறது?

வறிய இளைஞர்க்குக் கல்வியும் கைத்தொழிலும் பயிற்றும் அறக்கட்டளையின் கடமை, சான்றிதழ் வழங்கிய அன்றே முடிந்துவிடுமா? அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே இதற்கு விடை பகரும். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகை, அவரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிற்று. 1917இல் அதே பரோடாவில் அரசுப்பணி ஏற்கச் சென்றவருக்குத் தங்க இடம் கிட்டவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். பணியைத் துறந்து ஊர் நீங்கினார். மன்னரின் கொடை பழுதற்றது. ஊரின் கதவோ திறக்கவில்லை.

ஊரைத் திருத்துதல் எம் பணியன்று என அறங்காவலர் கூறலாம். ஆயினும் கற்றபின் கதவடைக்கப்பட்டவன் துயர் பெரிது. தான் இழப்பது இன்னதென்பதை அவன் நன்கறிவான். ஆதலின் தச்சும் மின்பணியும் கற்பிப்போர், கற்றவனை ஏற்கும் பட்டறையையும் அவனுக்கு இடந்தரும் வீட்டையும் நாடிச் சென்று பேசுதல் வேண்டும். அவ்வுழைப்பும் ஈகையேயாம்.