தாட்சண்யமும் பிழையும்

சம்பளம் வாங்காமல் ஒரு காரியத்தைச் செய்கிறவனிடம் குறை சொல்லலாமா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது ஒரு கட்சி. பொதுவில் வைத்த பிறகு யாரும் எப்படியும் ஏசலாம் என்பது மறு கட்சி. இரண்டுமே எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகின்றன.

நான் வங்கி எழுத்தர். விம்கோ நகரில் வாசம். பழைய தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் கணினியில் ஏற்றி வைக்கிறார்களே, அவற்றை ராத்திரிகளில் படிப்பது என் வழக்கம். சில வருஷங்களுக்கு முன் ஒரு நூலில் ஒற்றுகள் உதிர்ந்தும் ரகரம் றகரமாகியும் கிடந்ததைக் கண்டு, ஏற்றியவருக்கு எழுதினேன்: தமிழ் தெரியாதவர்கள் ஏன் இந்த வேலைக்கு வருகிறார்கள்? பக்கம் குறிக்கவில்லை, வரி குறிக்கவில்லை. வாக்கியம் நன்றாக அமைந்துவிட்ட திருப்தி மட்டும் இருந்தது. பதில் வரவில்லை. அவர் அதன்பின் எதையும் ஏற்றவில்லை. என் கடிதம்தான் காரணமா, தெரியாது. பிழைகள் அப்படியே இருக்கின்றன.

தமிழ் விக்கிமூலத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. இயந்திரம் படித்துக் கொடுத்த பக்கம் முதலில் சிவப்பு. ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் பார்த்த பிறகுதான் பச்சை. திருத்தியவரே அதைப் பச்சையாக்க முடியாது. வங்கியில் நாங்கள் நாள் முழுக்கச் செய்வதும் இதுதான். ஒருவர் பதிந்த வவுச்சரை இன்னொருவர்தான் பாஸ் செய்யவேண்டும். திருப்பி அனுப்பும் அதிகாரி, உனக்குக் கணக்குத் தெரியாது என்று எழுதுவதில்லை. தேதி இல்லை, எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறு என்று எழுதுகிறார். சந்தேகம் ஏற்பாட்டில் இருக்கிறது; ஆள் மேல் இல்லை.

டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதி இனாமாகக் கொடுத்த டொனால்ட் க்னூத், தம் நூல்களில் பிழை கண்டவர்களுக்கு 2.56 டாலர் செக் அனுப்பிவந்தார். பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். மோசடிக்காரர்களின் தொல்லையால் 2008ல் நிஜ செக்கை நிறுத்தி, கற்பனை வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் தரத் தொடங்கினார். பிழை சொன்னவனுக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக நினைப்பதே இதில் முக்கியம். ஆனால் அந்தக் கடன் பிழையைக் காட்டியவனுக்குத்தான்; அபிப்பிராயம் சொன்னவனுக்கல்ல. மறுபுறம், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2018ல் தம் ஏச்சுகளுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். கறாராக இருந்ததற்காக அல்ல, அதை ஆட்கள் மேல் வீசியதற்காக.

நம் சிறுபத்திரிகையும் சம்பளமில்லாத காரியம்தான். 1959ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து, தாட்சண்யம் பார்க்காமல் பேசுவதே விமர்சகனின் தர்மம் என்று கற்றுவந்திருக்கிறோம். அதை நான் இன்றும் ஒப்புகிறேன். நண்பன் கவிதை என்பதற்காக மழுப்புகிறவன் அந்தக் கவிதையை மதிக்கவில்லை. ஆனால் தாட்சண்யமின்மை என்பதைக் கடுமை என்று நாம் புரிந்துகொண்டுவிட்டோம். எந்த வரி, ஏன் என்று சொல்லாத வசை, முகஸ்துதியின் உடன்பிறப்பு. இரண்டும் பிரதியைப் படிக்கும் சிரமத்திலிருந்து தப்பிக்கும் வழிகள். குறை சொல்வதில் மரியாதை என்பது குரலின் இனிமை அல்ல, துல்லியம். துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் பாதி வேலையை நாமே செய்தாக வேண்டும்.

அந்த நூலை மூலத்தோடு ஒப்பிட்டு, பக்கவாரியாகப் பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. 11 பக்கம் முடிந்திருக்கிறது. அதில் என் பிழைகள் இரண்டை என் மனைவி கண்டுபிடித்தாள்.