கருணையால் ஓர் உயிரைப் போக்கலாமோ?



சென்ற அமாவாசை உபோசதத்தன்று வந்தனை முடிந்தபின் ஓர் உபாசிகை என்னிடம் வந்தார். "ஐயா, வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய். ஓர் ஊசி போட்டு என்னை அனுப்பிவிடும்படி டாக்டரைக் கேள் என்கிறார். கேட்கலாமா?" என்றார். அப்பொழுது எனக்கு விடை தெரியவில்லை. பதினைந்து நாள் நூல்களைப் புரட்டியபின், அவர் அனுமதியோடு இன்று சபையில் கூறுகின்றேன்.

விநய பிடகத்தில் மூன்றாம் பாராஜிகத்தின்கீழ் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. ஒரு பிக்கு நோயில் கிடந்தார். உடனிருந்தோர் இரக்கத்தால் அவரிடம் மரணத்தின் மேன்மையை எடுத்துரைத்தனர்; அவரும் மாண்டார். பின்னர் ஐயங்கொண்டு அவர்கள் ததாகதரிடம் தெரிவிக்க, சங்கத்தினின்று நீங்கவேண்டிய குற்றமே அதுவென்று அவர் தீர்ப்பளித்தார். நஞ்சில்லை, ஆயுதமில்லை, சொல் ஒன்றே. அதுவும் கருணையினின்று பிறந்த சொல்! இல்லறத்தாராகிய நமக்குப் பாராஜிகம் இல்லையாயினும், நாம் ஏற்கும் முதற்சீலம் அக்கொலையைத்தான் விலக்குகின்றது.

அப்படியானால், மூச்சுக்கருவியை மாட்டி எத்தனை காலமாயினும் உடலை நிறுத்திவைக்க வேண்டுமோ? அதுவும் இல்லை. விநயத்திற்கு உரைகண்ட ஆசாரிய புத்தகோஷர், காஞ்சியில் தங்கியிருந்தவராதலின் நமக்கு அந்நியரல்லர். மருந்தும் துணையும் இருக்கையில் சாவை வேண்டி உணவை மறுப்பது தவறென்பார் அவர். நோய் நெடுங்காலம் நீடித்து, பணிவிடை செய்வோரும் களைத்த நிலையில், நோயாளி தானே அவற்றை நிறுத்துவதற்கு இடமளிக்கின்றார்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இவ்வெல்லையில்தான் நிற்கின்றது. 1973 நவம்பரில் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்சு அருணா ஷான்பாக் ஒரு கொடியவனால் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து, 2015 மே 18இல் மறையும்வரை அங்கேயே கிடந்தார். பரேலில் நான் மில் வேலை செய்த நாட்களில் அந்த வாயிலைக் கடந்தே ஷிப்டுக்குச் செல்வேன். உள்ளே ஒருவர் அவ்வாறு கிடந்ததை அறியேன். உணவூட்டுவதை நிறுத்த உத்தரவிடுமாறு எழுத்தாளர் பிங்கி விரானி வழக்கிட்டார். பல்லாண்டு படுக்கைப்புண் வராமல் காத்த நர்சுகள் மறுத்தனர். 2011 மார்ச் 7இல் சுப்ரீம் கோர்ட்டு மனுவைத் தள்ளியது. ஆயினும் ஹைகோர்ட்டு அனுமதியுடன் சிகிச்சையை விலக்கலாமென்று பொதுவழி வகுத்தது. இருதரப்பாரும் கருணையாலேயே பேசினர் என்பது என் எண்ணம்.

2018 மார்ச் 9இல் ஐந்து நீதிபதிகள், கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றனர். மீளமுடியாத நிலையில் இன்ன சிகிச்சை வேண்டாமென்று, நினைவு தெளிவாக இருக்கையிலேயே இரு சாட்சிகள் முன் எழுதிவைக்கலாம்; 2023 முதல் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும். டாக்டர்களின் இரண்டு குழுக்கள் ஆராய்ந்த பின்பே சிகிச்சை நிறுத்தப்படும். ஆனால் கொல்லும் ஊசியோ? நெதர்லாந்து 2002 முதல் நிபந்தனையுடன் அதை ஏற்கின்றது. இங்கே அது குற்றம்.

குற்றமாகவே இருக்கட்டும் என்பேன். நம் குடிசைகளில் ஒருவன் சாவைக் கேட்டால், வலியால் கேட்கின்றானா, வட்டிக்கடனால் கேட்கின்றானா என்று எந்த டாக்டர் அறிவார்? தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்கள் சிலவற்றில் முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி முடித்துவிடும் தலைக்கூத்தலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதையும் கருணையென்றே சொன்னார்கள்.

பிறரை ஏன் சொல்லவேண்டும்? என் தாயார் பக்கவாதத்தில் ஏழு மாதம் கிடந்தார். மில் மூடிக் கூலியற்றிருந்த காலம். ஒருநாள் அவர் காதுபட, "இப்படிக் கிடப்பதற்குப் போய்ச்சேர்ந்தாலே நிம்மதி" என்றேன். அவர் நன்மைக்கே சொன்னதாக எண்ணினேன். மறுநாள் முதல் அம்மா கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார். அந்தப் பிக்குகளின் கதையை முதன்முதல் வாசித்த அன்று, மேலே படிக்கமாட்டாமல் நூலை மூடிவைத்தேன்.

அம்மையே, ஊசி கேட்காதீர்கள். வலிக்கு மருந்து கேளுங்கள். பரேல் டாட்டா ஆஸ்பத்திரியில் வலி தணிக்கும் பிரிவு உண்டு. மார்பின் மருந்தை டாக்டர் அளவறிந்து தருவார். 2014இல் அதற்கான சட்டமும் தளர்த்தப்பட்டது. குழாயும் கருவியும் வேண்டாமென்று அவர் கருதினால் எழுதித் தரட்டும். நானே சாட்சிக் கையொப்பமிடுகின்றேன்.

நேற்று அவரைப் பார்க்கச் சென்றேன். ஊசியைப்பற்றி அவர் பேசவில்லை. "அவள் தூங்கி நாலு நாளாகிறது" என்று சைகையால் காட்டினார். வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் பகவான் ஆனந்தரோடு கூடிக் கழுவிப் படுக்கவைத்ததை நீங்கள் அறிவீர்கள். இவருக்கு இராத்துணையாக ஐந்து பேர் பெயர் கொடுத்துள்ளனர். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இன்னும் ஆள் இல்லை.