துணை என்னும் சொல்

பொழுது புலருமுன் போடியிலிருந்து மலையேறும் ஜீப்புகளைக் கண்டிருக்கின்றீரா? ஏலத்தோட்டக் கூலிக்குச் செல்லும் பெண்கள், தூக்குச்சட்டியை மடியில் இருத்தி, இருக்கை கொள்ளாமல் நெருங்கி அமர்ந்திருப்பர். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டில் எல்லை தாண்டி, நாளெல்லாம் உழைத்து, மாலையில் இறங்குவர். ஒரு வண்டியின் நெற்றியில் 'முருகன் துணை'. இன்னொன்றில் 'கர்த்தர் துணை'. மற்றொன்றில் 'அல்லா துணை'. மதம் மூன்று, சொல் ஒன்று.

எங்கே பிறந்தது இச்சொல்? கோயிலிலா, மடத்திலா? இருட்டில் தனியே நடக்க அஞ்சிய ஒருத்தி, "துணைக்கு வா, அக்கா" என்று அடுத்த வீட்டாளை அழைத்தாளே, அங்கே பிறந்தது! தாய் என்ற சொல்லுக்குத் தொட்டிலருகே விழித்திருந்தவள் பொருள் தந்தாள். பிறகே தெய்வத்தைத் தாயென்றனர். அருள், கருணை, அடைக்கலம் என ஆண்டவனுக்குச் சூட்டிய மாலைகள் யாவும் மனிதனின் தோட்டத்தில் பூத்தவை. ஆண்டவன் உண்டா இல்லையா என்று வழக்காட நாம் இன்று வரவில்லை. பூத்த தோட்டத்தை மறந்து மாலையை மட்டும் தொழுவதேன் என்றே கேட்கின்றோம்.

"இறைவனின் அன்பு அறிவுக்கு எட்டாதது, மனித அளவுகோலால் அதை அளக்கலாகாது" என்பர் பண்டிதர். எட்டாததாயின், அதற்கு அன்பு என்று பெயரிடுவானேன்? நாமறிந்த சொல்லை இரவல் வாங்கிப் பின்னர்ப் பொருள் கேட்டால் கையை விரிப்பது நேர்மையா? போடி ஏல வணிகர் ஏலக்காய்க்கு லிட்டர் எடை பார்க்கின்றனர். தோல் பசுமையாயிருந்தும் உள்ளே அரிசியற்ற காய் அங்கே தேறாது. சொல்லுக்கு மட்டும் எடை வேண்டாவோ?

அந்த எடையைச் சமயத்தின் உள்ளிருந்தே இட்டுப் பார்த்தார் வடலூர் இராமலிங்கர். 1867-இல் அவருடைய பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில் வெளிவந்தன. பொங்கினர் புலவர்! அருட்பா என்பது தேவார திருவாசகங்களுக்கே உரிய பெயர் என்றார் ஆறுமுக நாவலர். பெரும் புலமையாளர், தமிழுக்கு அவர் செய்த தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. எனினும் அருள் என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்ற பூசல் முற்றி, 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியேறிற்று. அருளுக்கும் பட்டா கேட்ட நாடு இது!

நூல் வெளிவந்த அதே 1867-இல், மே 23 அன்று, வடலூரில் தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. அருளுக்கு அவர் தந்த உரை அதுதான். உயிரிரக்கமே கடவுள் வழிபாடு என்றார். வீட்டின்பத்துக்குத் திறவுகோலும் அதுவே என்றார். வழிபாடு என்ற சொல்லைக் கருவறையிலிருந்து எடுத்துப் பசித்தவன் இலையருகே வைத்தார். 1872-இல் எழுப்பிய ஞான சபைக்குள் நுழையப் புலால் மறுத்திருக்க வேண்டும் என்று விதித்தார். அந்த வேலி நமக்கு உடன்பாடன்று. ஆனால் பசிக்குச் சோறிடுவதற்கு அவர் வேலி கட்டவில்லை. சபையைவிட அடுப்பையே நாம் பெரிதென்போம்.

மீண்டும் மலைக்கு வருவோம். 'துணை' என்று எழுதிய வண்டியிலேயே அளவுக்கு மீறி ஆளேற்றுகின்றனர். மலைச்சரிவில் ஜீப் கவிழ்ந்து கூலிப் பெண்கள் மாண்டதுண்டு. அப்போது, "விதி, ஆண்டவன் அழைத்துக்கொண்டான்" என்று ஆறுதல் கூறப்படுகின்றது. இருக்கைக்கு ஒருவராக ஏற்றியிருந்தால் விதி என்ன செய்திருக்கும்?

இதே மலைத்தொடரில், போடிக்கு அருகிலுள்ள குரங்கணியில், 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீ மூண்டது. மலையேற வந்தவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் அதற்குப் பலியாயினர். தீயில் சிக்கியவரைத் தேடி ஏறியவர்களுள் அவ்வூர் மக்களும் இருந்தனர். கருகிக் கிடந்தவரின் ஊர் அறியார், மதம் அறியார். போர்வையைத் தூளியாக்கித் தோளில் சுமந்து இறங்கினர். அவர்தம் நெற்றியில் எதுவும் எழுதியிருக்கவில்லை.