மலையைக் காப்பதற்கு விலை கொடுப்பவர் யார்?

மலை யாருக்குச் சொந்தம்? அதைப் பார்த்து மகிழ வருபவனுக்கா, அதன் மடியில் பிறந்து உழைப்பவனுக்கா, இன்னும் பிறவாத தலைமுறைக்கா? மூவருக்கும் உரிமை உண்டு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதைக் காப்பதற்கான சுமை மூவர்மீதும் நியாயமாக விழுகிறதா எனக் கேட்போர் சிலரே.

எமது நாட்டின் நக்கிள்ஸ் மலைத்தொடரை எடுத்துக்கொள்வோம். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலைகளில் பிறக்கும் ஓடைகள் மகாவலியோடு கலந்து, தொலைவிலுள்ள வயல்களுக்கும் நீராகின்றன. இங்கு நெடுங்காலமாக ஏலம் பயிரிடப்பட்டு வந்தது. ஏலம் நிழலை நாடும் பயிர். ஆகவே பெருமரங்களை விட்டுவிட்டு, அவற்றின் கீழிருந்த செடிகொடிகளை வெட்டினர். தூர நின்று பார்ப்பவருக்குக் காடு அப்படியே இருப்பதாகத் தோன்றும். ஆயின் இளங்கன்றுகள் இல்லாத காடு, பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு ஒப்பானது. காயை உலர்த்தும் விறகும் காட்டிலிருந்தே வந்தது.

2000ஆம் ஆண்டில் இம்மலைக்காடு பாதுகாப்பு வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடுகள் ஆகியவற்றுடன் சேர்த்து உலக மரபுரிமையாக யுனெஸ்கோ அதனை ஏற்றுக்கொண்டது. இவை செய்யவேண்டிய காரியங்களே. காடு அழிந்தால் கிராமத்தவனும் பிழைக்கமாட்டான்.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். ஏலத்தை நம்பி வாழ்ந்தவனிடம் “காட்டைத் தொடாதே” என்கிறோம். அதே காட்டுக்கு உல்லாசப் பயணியை வரவேற்கிறோம். அவன் கூடாரம் அடிக்கிறான், தீ மூட்டுகிறான், பொலித்தீனை எறிந்துவிட்டுப் போகிறான். ஒருவன் தன் பிழைப்பையே விட்டுக்கொடுக்க, மற்றவன் தன் பொழுதுபோக்கில் ஒரு சிறு பகுதியைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை. இது நீதியாகுமா?

உல்லாசப் பயணத்தால் கிராமத்திற்கு வருமானம் உண்டே எனச் சிலர் கூறுவர். உண்மைதான். ஆனால் அந்த வருமானம் யார் கையில் தங்குகிறது என்பதே கேள்வி. வாகனமும் விடுதியும் நகரத்தவனுடையதாக இருந்தால், கிராமத்தவனுக்கு மிஞ்சுவது வழிகாட்டும் கூலி மாத்திரமே.

இவ்விடயத்தில் நேபாளத்தின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 1976இல் அங்கு ராரா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, உள்ளிருந்த கிராமத்தவர்கள் சமவெளிக்குப் பெயர்க்கப்பட்டனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1986இல், அன்னபூர்ணா மலைப்பகுதியில் வேறு வழி கைக்கொள்ளப்பட்டது. மக்கள் தம் ஊர்களிலேயே இருந்தனர். பயணிகளிடம் அறவிடும் நுழைவுக் கட்டணம் பாதுகாப்புக்கும் ஊர்ப் பணிகளுக்கும் செலவிடப்பட்டது. விடுதிகளில் விறகுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் போன்றவற்றைப் பாவிக்கும்படி செய்தனர். காடு பற்றிய தீர்மானங்களில் ஊர்க் குழுக்களுக்கும் இடமிருந்தது. அங்கும் குறையில்லாமல் இல்லை. பயணிகள் நடக்கும் பாதையோரக் கிராமங்கள் செழிக்க, ஒதுக்குப்புறக் கிராமங்களுக்குக் கிடைத்தது சொற்பமே. இருந்தும், காவலனைப் பட்டினி போட்டுக் காவலை எதிர்பார்க்கலாகாது என்ற உண்மையை அம்முயற்சி உணர்ந்திருந்தது.

எவரிடம் தியாகத்தைக் கேட்கிறோமோ, பலனிலும் ஆலோசனையிலும் அவருக்கே முதலிடம் கொடுப்பதுதான் முறை. மலை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் பயணிகள் வருவதானால், காத்திருக்கவேண்டியவர் பயணியே. அவருக்கு அது ஒருநாள் ஏமாற்றம். கிராமத்தவனுக்கோ அது வாழ்வு. அடுத்த விடுமுறைக்கு மலைநாடு செல்லத் திட்டமிடும் நாம் ஒவ்வொருவரும், எமது மகிழ்ச்சிக்கு அங்கே எவர் விலை கொடுத்திருக்கிறார் என்று சற்றே சிந்திப்போமாக.